மிச்சம் யாருடையது

வரவு போதாத வீட்டில் சிக்கனம் ஒரு பழக்கமாக இருப்பதில்லை. நாளை அடுப்பெரியுமா என்னும் கேள்விக்கு இன்றே தேட வேண்டிய விடையாக அது இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும், வாடகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ கைமாற்று வாங்க வேண்டியதில்லை, திடீரென ஒரு மருத்துவச் செலவு வந்தாலும் நகை அடகுக்குப் போகாது என்னும் அளவுக்கு நிலைபெற்ற குடும்பத்தின் சிக்கனம் அதனின்று வேறானது. அங்கே ஒரு செலவைச் செய்வதும் செய்யாமல் விடுவதும் வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தவை என்பதால், அந்தச் சிக்கனத்தைப் பண்பென்று போற்றுவதோடு நின்றுவிடாமல், அது எதைக் குறைத்தது, குறைத்ததால் கையில் நின்ற தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கவும் இடமிருக்கிறது. தமிழ் இதழ்களின் வீட்டுக் குறிப்புகளும் மூத்தவர்களின் கண்டிப்பும் மிச்சம் பிடிக்கும் வழிகளை நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. பிடித்த மிச்சம் யாருடையது என்னும் கேள்வி அவற்றில் அரிதாகவே எழுந்திருக்கிறது.

இக்கேள்விக்குத் திருக்குறளின் அமைப்பிலேயே ஒரு தொடக்கம் உண்டு. வரவு சிறிதானாலும் செலவு அதைத் தாண்டிப் பெருகாதவரை கேடில்லை என்று சொல்லும் 478ஆம் குறள் இல்லறவியலில் இடம்பெறவில்லை. அது பொருட்பாலில், அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவதைப் பற்றிய வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அளவறியாமல் வாழ்பவனின் வாழ்க்கை இருப்பதுபோலத் தோன்றி இல்லாமற்போகும் என்னும் எச்சரிக்கையும் அதை அடுத்தே வருகிறது. வீட்டுக்குரிய வரவுசெலவோ, கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்க்கை நடத்துபவளே துணை என்று, வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே மனைவியின் மாண்பாக வைக்கப்படுகிறது. நாட்டின் செலவு ஆள்பவனின் வலிமையாகவும் வீட்டின் செலவு மனைவியின் குணமாகவும் பிரிந்து நிற்கும் இந்தப் பகுப்பு தமிழ் வீடுகளில் இன்றளவும் உயிரோடிருக்கிறது. அதே நூல் இவறலை, அதாவது செலவிட வேண்டிய இடத்தில் செலவிடாமல் பொருளை இறுகப் பற்றிக்கொள்வதை, மற்றக் குற்றங்களோடு ஒன்றாக வைத்து எண்ணத் தகாத தனிக் குற்றம் என்கிறது. சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் பிரிக்கும் கோடு தொகையைக் கொண்டு வரையப்படுவதன்று, செலவு எந்த இடத்தில் மறுக்கப்படுகிறது என்பதைக் கொண்டே வரையப்படுவது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

வீட்டில் மிச்சமாகும் ஒரு ரூபாய் மூன்று இடங்களுள் ஏதோ ஒன்றிலிருந்துதான் வர முடியும். யாருக்கும் பயன்படாமல் வீணாகிக்கொண்டிருந்த ஒன்றைத் தடுத்ததனால் அது வந்திருக்கலாம். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவது இவ்வகை. கடைக்குக் கொடுக்க வேண்டிய கூலியை வீட்டில் ஒருவர் தம் உழைப்பால் ஈடுசெய்ததனால் வந்திருக்கலாம். அல்லது, மற்றொருவருக்குச் சேர வேண்டிய பங்கைக் குறைத்துக்கொடுத்ததனால் வந்திருக்கலாம். கணக்கு நோட்டில் மூன்றும் ஒரே தலைப்பின் கீழ்தான் எழுதப்படும். ஆயினும் முதலாவதில் யாருக்கும் இழப்பில்லை. இரண்டாவதில் இழப்பு வீட்டுக்குள்ளேயே ஒருவர் மேல் விழுகிறது. மூன்றாவதில் அது வாசலுக்கு வெளியே நிற்பவர் மேல் விழுகிறது.

ஆண்டுச் சாமான் வாங்கிவைக்கும் வழக்கத்தில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தை முதல் பங்குனி வரை புளி உலுக்கும் காலம். அப்போது சந்தைக்கு வரும் புதுப்புளி பழுப்புச் சிவப்பாக, கையில் ஒட்டும் பிசுபிசுப்போடு, விலை இறங்கி இருக்கும். கொட்டைப்புளியாக, அதாவது ஓடு மட்டும் நீக்கி உள்ளே கொட்டை இருக்கும்படியே வாங்கினால் விலை இன்னும் குறையும். அதை ஓரிரு நாள் வெயிலில் காயவைத்து, அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிக் கொட்டையை நெம்பி எடுத்து, நாரை உருவி, மறுபடியும் வெயிலில் போட்டு, கல்லுப்பு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடைக்க வேண்டும். புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் பித்தளையும் அலுமினியமும் ஆகா. ஈரக்கை பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஐந்தாறு கிலோவை இப்படிப் பக்குவப்படுத்தி முடிப்பதற்குள் விரல் நுனிகள் கறுத்து, நகக்கண்களில் எரிச்சல் ஏறி, இரண்டு பகற்பொழுதுகள் போயிருக்கும். நன்றாக உப்பிட்டு அடைத்த புளி நாளாக நாளாகக் கறுத்து, புளிப்பின் கடுமை அடங்கி, குழம்புக்கும் ரசத்துக்கும் இன்னும் வாகாகும். எடுத்த கொட்டைகூட வீணாவதில்லை. புளியங்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் மாவு நெசவில் பாவு நூலுக்குப் பசையேற்றப் பயன்படுவதால் அதை எடைக்கு வாங்கிக்கொள்ளும் வியாபாரிகள் உண்டு. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து வண்டு அண்டாமல் காத்ததும், மலிந்த காலத்தில் கத்தரிக்காயையும் கொத்தவரங்காயையும் சுண்டைக்காயையும் வற்றலாக்கி ஐப்பசி மழைக்கு எடுத்துவைத்ததும் இதே அறிவின் கிளைகள்.

இந்த மிச்சம் எப்படிப் பிறக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. பங்குனியில் ஒரு விலையும் கார்த்திகையில் வேறு விலையுமாகப் புளி விற்பதற்கு, இடைப்பட்ட மாதங்களில் அதைச் சேமித்துவைத்தவர் கொடுத்த கிடங்கு வாடகை, முடங்கிய முதலுக்கான வட்டி, கெட்டுப்போனதால் வந்த நட்டம், இவற்றின் மேல் அவர் வைத்த இலாபம் ஆகியவை காரணம். ஆண்டுப் புளியை அடைத்துவைக்கும் வீடு அந்தக் கிடங்காகத் தானே மாறிவிடுகிறது. வியாபாரிக்குப் போக வேண்டியது வீட்டில் நின்றுவிடுகிறது. ஆனால் அதற்கு மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணமும், ஜாடிகளை வைக்க இடமும், உலர்த்த மாடியும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத வீடு, அன்றைய கூலியில் ஐம்பது கிராம் புளியும் ஒரு சின்ன எண்ணெய்ப் பொட்டலமும் வாங்குகிறது. அந்த வீடு ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் விலை, வசதியான வீடு கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல். சாமர்த்தியமான கொள்முதல் என்று பாராட்டப்படுவதில் ஒரு பகுதி, சாமர்த்தியத்துக்கு முன்பே கையில் இருந்த முதலின் பலன். இது வசதியுள்ளவர் வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. ஆனால் வறுமையில் இருப்பவர் கணக்குப் பார்க்கத் தெரியாமல் செலவழிக்கிறார் என்று பேசும் வாய்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

அந்த இரண்டு பகற்பொழுதுகளுக்கு எந்தக் கணக்கு நோட்டிலும் பற்று எழுதப்பட்டதில்லை. இந்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, அதாவது மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எந்தெந்த வேலைகளில் கழிக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வு, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவதாகவும் அவர்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும் காட்டியது. ஆண்களில் ஈடுபடுவோர் 26.1 விழுக்காட்டினர், அவர்கள் செலவிடும் நேரம் 97 நிமிடம். வீட்டிலேயே அரைத்த மசாலாப் பொடி, வீட்டிலேயே ஆட்டிய மாவு, வீட்டிலேயே தைத்த தலையணை உறை என்று சிக்கனக் குறிப்புகள் அடுக்கும்போது, ‘வீட்டிலேயே’ என்பதன் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் அலுவலகத்துக்கும் போய்வருபவராக இருந்தால், அவருடைய உறக்கத்திலிருந்தே அந்த மிச்சம் எடுக்கப்படுகிறது. மாவுப் பொட்டலத்தைக் கடையில் வாங்குவதை ஊதாரித்தனம் என்று சாடும் பெரியவர்கள், மாவாட்டும் இரவில் கிரைண்டரைக் கழுவுபவர் யார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர்களுடைய தீர்ப்பு மாறக்கூடும். புளி உருட்டுவதில் மகிழ்ச்சி இல்லை என்பதன்று; பாட்டியும் பேரப்பிள்ளைகளும் வீட்டு ஆண்களும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே கொட்டை எடுத்த வீடுகளில் அது ஒரு சிறு விழாவாகவே இருந்திருக்கிறது. பலர் பகிர்ந்துகொண்டால் இனிக்கும் அதே வேலை ஒருவர் தலையில் விழும்போது கசந்துவிடுகிறது.

பெண்கள் சிக்கனத்தின் பளுவைச் சுமந்ததற்குக் கைம்மாறாகத் தங்களுக்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் பிடித்த சில்லறை, பால் விற்ற காசு, பிறந்த வீட்டிலிருந்து கையில் வைத்து அழுத்திய நோட்டு ஆகியவற்றைக் கணவனுக்குத் தெரியாமல் கடுகு டப்பாவிலும் பருப்புத் தூக்கிலும் புடவை மடிப்பிலும் சேர்த்துவைப்பதற்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். கணவனின் வேலை போன மாதத்திலும் மகளின் பிரசவத்திலும் கல்லூரிக் கட்டணத்துக்கான கடைசி நாளிலும் எங்கிருந்தோ வந்து நின்ற பணம் பலமுறை இதுவாகத்தான் இருந்தது. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டபோது, அந்த நோட்டுகளாக இருந்த சிறுவாடு வெளிச்சத்துக்கு வர நேர்ந்தது. 2.5 லட்சம் ரூபாய் வரை வங்கியில் செலுத்தினால் வரித்துறை கேள்வி எழுப்பாது என்று அரசு சொன்னது. கணவனும் மாமியாரும் எழுப்பும் கேள்விக்கு எந்த அரசும் விலக்குக் கொடுக்க இயலாது. அன்று பெண்கள் இழந்தது நோட்டின் மதிப்பை அன்று. தமக்கென்று ஒரு முடிவை எடுக்கும் இடத்தை இழந்தார்கள். சிக்கனமான குடும்பம் என்று பெயரெடுத்த வீட்டில் அந்தச் சிக்கனத்தை நடத்தியவர் தம் பங்கை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்பதே அந்த வீட்டுக் கணக்கின் பெரும் பிழை. கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரவையும் செலவையும் பேசி, ஒவ்வொருவருக்கும் கேள்வியில்லாத ஒரு தொகையை ஒதுக்கிக்கொள்ளும் வீட்டில் சிறுவாட்டுக்குத் தேவை இருக்காது.

சிறுவாடு பலமுறை சீட்டாக மாறும். ஏலச்சீட்டில் இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் கட்டினால் சீட்டுத் தொகை 1 லட்சம். பணம் அவசரமாகத் தேவைப்படுபவர், எவ்வளவு குறைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்று ஏலம் கேட்டுத் தொகையை எடுக்கிறார். ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 70,000 வரும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் தரகு 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 1,250 ரூபாயாகப் பிரிந்து அவர்கள் கட்ட வேண்டியதைக் குறைக்கும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இந்தத் தரகுக்கு 5 விழுக்காடு என்று வைத்திருந்த உச்சவரம்பு 2021இன் திருத்தத்தில் 7 விழுக்காடானது. கடைசி வரை சீட்டை எடுக்காமல் காத்திருக்கும் வசதியான வீட்டுக்குக் கிடைக்கும் ஆதாயம், முதல் மாதங்களில் நெருக்கடியால் தள்ளி எடுத்தவர் விட்டுக்கொடுத்தது. அந்த நெருக்கடிக்காரர் கந்துவட்டிக்குப் போகாமல் தப்பித்தார் என்பதும் உண்மையாதலால், சீட்டை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டாரின் அவசரம் தெரிந்தும் ஏலத்தை வேண்டுமென்றே ஏற்றிவிடுவது மட்டும் எவ்வகையிலும் சிக்கனத்தில் சேராது.

யாருக்கும் வலிக்காத மிச்சங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு உழைப்பைவிட அறிவே அதிகம் தேவைப்படுகிறது. பழைய வகை மேற்கூரை மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் எடுக்கும். தூரிகை இல்லாத நேர்மின் மோட்டார் கொண்ட புது வகை, அதாவது கடைகளில் பிஎல்டிசி விசிறி என்று விற்கப்படுவது, ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையதற்கு 54 அலகும் புதியதற்கு 22 அலகும் ஆகும். மூன்று விசிறி உள்ள வீட்டில் மிச்சமாகும் மின்சாரம், தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வழங்கப்படும் 100 அலகை நெருங்கிவிடும். மின்கட்டண அட்டவணையைப் படித்துப் பார்க்கும் வீட்டுக்கு இன்னொன்றும் தெரியவரும். இரண்டு மாதப் பயன்பாடு 500 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான அலகுகளுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு விகிதம் போடப்படுகிறது. ஆகவே 500ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் கடைசிப் பத்து அலகு, மற்றப் பத்து அலகுகளைக் காட்டிலும் மிக விலையுயர்ந்தது. குளிர்சாதனக் கருவியின் வெப்பநிலையை ஒரு பாகை கூட்டிவைத்தால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு. அடுப்பிலும் இப்படித்தான்: திறந்த பாத்திரத்தில் கொதிவந்த நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது என்பதால், கொதித்தபின் தீயைப் பெரிதாக வைப்பது பருப்பைச் சீக்கிரம் வேகவைப்பதில்லை, நீரை ஆவியாக்கி அடுக்களையைச் சூடாக்குவதோடு சரி. இவற்றால் வீட்டில் ஒருவருடைய வசதியும் குறைவதில்லை, கூடுதலாக ஒருவரும் உழைப்பதில்லை. ஆயினும் சிக்கனத்தைப் பற்றிய பேச்சில் மின்கட்டண அட்டவணை வருவது அரிது, மாவுப் பொட்டலம் வருவது அதிகம்.

வசதியான வீட்டின் பணம் உண்மையில் எந்த வழியாக ஒழுகுகிறது என்பதற்கும் சான்று உண்டு. வருமானம் உயர உயர மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் கண்டார். இந்தியாவிலும் அது நிகழ்ந்துவருகிறது. 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் நகர வீடுகளின் செலவில் உணவின் பங்கு 39.17 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆனால் அதே மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 3.64 விழுக்காடு, பானங்களும் பதப்படுத்திய உணவுகளும் சேர்ந்து 10.64 விழுக்காடு. அரிசியில் கல்லும் குறுணையும் பார்த்து, கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து வாங்க மூன்று கடை ஏறி இறங்கும் கவனம், அதைப்போல மூன்று மடங்கு பணம் போகும் இடத்தில் இருப்பதில்லை. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலை பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும்போது உள்ளே இருக்கும் எடை குறைந்துகொண்டே வருவதை, பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் நிகர எடையைப் படிப்பவரே அறிவார். ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதையும் இப்போது அங்கே அச்சிட வேண்டும் என்பது விதி. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்னும் நம்பிக்கை எல்லா நேரமும் சரியன்று என்பதை அந்தச் சிறு எழுத்து காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் பொருளுக்குக் கொண்டுவரும் கட்டணத்தைத் தவிர்க்க, வேண்டாத இரண்டு பொருளைச் சேர்த்துத் தொகையை நிரப்புவது இன்று நகர வீடுகளில் பழகிப்போன செலவு. மாதச் சாமான் பட்டியலை எழுதி மளிகைக் கடையில் கொடுத்த காலத்தில், எழுதும் அந்த அரைமணி நேரமே ஒரு தணிக்கையாக இருந்தது.

பொருள்களைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வது யாருக்கும் வலிக்காத மிச்சங்களுள் மிக நேர்மையான சிக்கனம் என்று சொல்லலாம். நின்றுபோன மிக்ஸியைத் திறந்து பார்க்கும் பழுதுக்கடைக்காரர், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, காயில் எரிந்திருக்கிறதா, ஜாரின் அடியில் உள்ள கப்ளர் உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். முதலாவதும் மூன்றாவதும் சிறு செலவில் தீர்ந்துவிடும், காயிலைப் புதிதாகச் சுற்றினாலும் புது மிக்ஸியின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். அங்கே கொடுக்கும் பணம் முழுவதும் ஒரு மனிதரின் கைத்திறனுக்குப் போகிறது. குப்பைமேட்டுக்குப் போகவிருந்த செம்பும் இரும்பும் வீட்டிலேயே நிற்கின்றன. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்தவர்களும், குடைக்குக் கம்பி மாற்ற வந்தவர்களும் தெருவுக்கு வருவது நின்றபோது வீடுகள் இழந்தது ஒரு சேவையை மட்டுமன்று, ஒரு பொருளுக்கு இரண்டாவது ஆயுள் உண்டு என்னும் நினைப்பையும்தான்.

மிச்சத்தின் மூன்றாவது வகைக்கு, அதாவது பிறர் பங்கைக் குறைத்துப் பிடிப்பதற்கு வரும்போது பேச்சு கடினமாகிறது. தெருவில் கூடையோடு வரும் கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பது தமிழ் நடுத்தர வீட்டின் சாமர்த்தியங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டுவருகிறது. அச்சிட்ட விலையோடு வரும் பொட்டலத்துக்கு அந்தப் பேரம் நடப்பதில்லை. குளிரூட்டப்பட்ட அங்காடியிலும் நடப்பதில்லை. விலையைக் குறைக்க மறுக்கும் வலிமை இல்லாதவரிடம் மட்டுமே நடக்கிறது. விடியுமுன் வட்டிக்குப் பணம் வாங்கி மொத்தச் சந்தையில் சரக்கெடுத்து, பொழுது சாய்வதற்குள் அசலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய தண்டல் முறையில் வாழும் ஒருவருக்கு, பத்துக் கட்டுக் கீரையில் கட்டுக்கு ஐந்து ரூபாய் என்பது அன்றைய சம்பாத்தியத்தில் பெரும் பங்கு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் ஒரு விலையை நாள்தோறும் எழுதிப்போட்டு, விளைவித்தவரையும் வாங்குபவரையும் நேரே நிறுத்தியது. அங்கே வீட்டுக்குக் கிடைக்கும் மிச்சத்தோடு உழவருக்கும் கூடுதல் கிடைக்கிறது. மலிவாக வாங்க வேண்டும் என்னும் விருப்பம் நியாயமானதே. அது நிறைவேற இப்படியும் வழி இருக்கும்போது கீரைக்கட்டில் அதைத் தேட வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, பின்னர் காந்தியோடு சேர்ந்த ஜே.சி. குமரப்பா, இவ்விஷயத்தைத் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த பொருளாதாரச் சிந்தனையாளர்கள் எல்லாரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர். ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குபவர், அது எவ்வாறு உண்டாக்கப்பட்டது, அதில் யாருடைய கூலி பறிக்கப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளி ஆகிறார் என்று அவர் வாதிட்டார். மலிவு என்பது விலைச்சீட்டில் தெரியும் எண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அவருடைய கணக்கியல். சிறையில் எழுதப்பட்ட அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945இல் வெளிவந்தது. 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணத்தின் நிதியைக் கவனித்துவந்தபோது, அங்கே வந்திருந்த காந்தியின் குழுவினரின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து கொடுக்க அவர் மறுத்தார். அந்தப் பணம் வீடிழந்தவர்களுடையது, வந்தவர் எவ்வளவு பெரியவராயினும் அதில் அவருக்குப் பங்கில்லை என்பதே காரணம். ஒவ்வொரு ரூபாய்க்கும் அது யாருடையது என்று கேட்ட ஒருவரின் சிக்கனம் அது. அந்தக் கேள்வியை வீட்டுக் கணக்கு நோட்டுக்குள் கொண்டுவருவதற்குத் தணிக்கைப் படிப்பு எதுவும் தேவையில்லை.

வீட்டுக் கணக்கில் இந்தக் கேள்வி மிக நெருக்கமாக வந்து நிற்பது, பாத்திரம் தேய்த்து வீடு பெருக்க வருபவரின் சம்பளத்தில்தான். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007இலேயே அமைக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை அவர்களுக்கு வாரம் ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது; இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. ஆகவே இவருடைய சம்பளமும் விடுப்பும் அநேகமாக அடுக்களை வாசலில் நடக்கும் பேச்சிலேயே முடிவாகின்றன. கோடை விடுமுறையில் வீட்டார் பத்து நாள் ஊருக்குப் போகும்போது, வேலை இல்லாத நாள் என்று அந்தப் பத்து நாளுக்கும் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வது பல வீடுகளில் நடைமுறையாக இருக்கிறது. அவர் வேலைக்கு வர மறுக்கவில்லை, பூட்டியிருந்தது வீடுதான். அந்தப் பத்து நாளுக்கு வேறு வீடு தேடிக்கொள்ளவும் அவரால் இயலாது, ஏனென்றால் பதினோராம் நாள் காலை அவர் திரும்ப வந்து நிற்க வேண்டும் என்பதும் அதே வீட்டாரின் எதிர்பார்ப்பு. ஊருக்குப் போய்வந்த வீட்டுத் தலைவரோ, அந்தப் பத்து நாளுக்கும் தம் அலுவலகத்தில் ஊதியத்தோடு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்.